மூன்று யூனிட்

மாதம் ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கப் போகிறேன்.
படிவத்தில் ஊருக்கு ஒரு பெயர்,
வாயில் இன்னொன்று.
நான் கானிதார் என்றுதான் சொல்வேன்.
எழுதும்போது மட்டும் அங்காரா வைத்த பெயர்,
இருபது வருடமாகியும் கைக்குப் பழகாதது.

கானிதாரில் நாற்பத்தொரு வீடு,
பதினேழுக்கு மண்கூரை, மற்றதெல்லாம் தகரம்.
பள்ளத்தில் பெஸ்தா: ஏழு வீட்டுக்கும் ஒரே சண்டை,
இன்று தண்ணீர் யார் முறை.
மேட்டில் தெராசோர். பனி மூடினால்
ஏப்ரல் வரை அங்கே கரண்ட் உண்டா இல்லையா
என்பதே வதந்திதான்.
ஹெஸ்னாவின் மீட்டர் கண்ணாடியை
அவள் கிடா முட்டி உடைத்துவிட்டது.
"அதனிடமே வசூல் பண்ணு" என்கிறாள்.
செப்ரி கோழிக்கூட்டுக்குத் திருட்டு ஒயர் இழுத்திருப்பது
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
தேநீர் வருகிறது.
சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
இருவரும் ஓநாய்களைப் பற்றிப் பேசுகிறோம்.

கடைசியாகக் கூஸான்.
ஆறு கிலோமீட்டர், பாதி தூரம் பைக் போகாது.
தொண்ணூற்று நான்கில் எரிந்தது.
எரிந்தது என்பது தன்வினை.
படிவங்களுக்குத் தன்வினைதான் பிடிக்கும்.

பிறகு ஒருவர் திரும்பி வந்து
இரண்டு அறை கட்டி, இணைப்பும் வாங்கி,
ஒரு குளிர்காலம் தாங்கிவிட்டு
மெர்சினில் மகன் வீட்டுக்குப் போனார்.
ஏழு வருடமாக அந்த மீட்டரில் 212.
குறைந்தபட்சக் கட்டணம் மட்டும்
அங்கிருந்து தேதி தவறாமல் வந்தது.
குடியிருப்பு: இல்லை.
அந்தக் கட்டத்தில் பேனா தானாகவே போய் நிற்கும்.

இன்று 215.

கண்ணாடியைச் சட்டையால் துடைத்தேன். 215.
தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, மெதுவாக,
செக்குமாடு போல.

கதவில் பழைய பூட்டு, அதில் புது எண்ணெய்.
சன்னல் வழியே ஒரு கருப்பு ஒயர்
வால்நட் மரத்தடியைக் கடந்து,
யாருமில்லாத அடுப்புகளைக் கடந்து
கல்லறை மேட்டுக்குப் போனது.
நானும் போனேன்.

ஈரம் காயாத மண்.
மேலே ஒருவர் தூக்கக்கூடிய அளவுக் கற்கள்,
நெருக்கமாக, அவசரமில்லாமல் அடுக்கியவை.
ஓக் கிளையிலிருந்து தொங்கிய பல்பு
பகல் பதினொரு மணி வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.

அறுபது வாட். மூன்று யூனிட். ஐம்பது மணி நேரம்.
அப்படியென்றால் நேற்று முன்தினம் காலை ஒன்பதுக்குப்
புதைத்திருக்கிறார்கள்.
தூரப் பயணம், வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.
மண் இறுகும்வரை காவலிருக்க ஆளில்லை.
ஓநாய்க்கு வெளிச்சம் ஆகாது.
விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தலைமாட்டுக் கல்லில் கார் பெயின்ட்டில் பெயர்.
எங்கள் பதிவேட்டில் அவர் ஹலில்.
கல்லில் கெலோ.
முதல் எழுத்து பெருக்கல் குறி மாதிரி இருக்கும்;
பள்ளிக்கூடத்தில் அதை எழுதியதற்கு
எனக்கு விரல் கணுவில் விழுந்திருக்கிறது.

சுவிட்ச் எங்கே என்று தேடவில்லை.
பொய் சொல்கிறேன்.
தேடினேன், கண்டேன், கைவைக்கவில்லை.

கல்மேல் படிவத்தை விரித்தேன்.
தற்போதைய அளவு: 215.
குடியிருப்பு:
பேனா வழக்கமான கட்டத்துக்குப் போனது,
நின்றது,
பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டது.

இறங்கும்போது மீட்டரை மறுபடி பார்த்தேன்.
ஐந்து பாதி மறைந்து
ஆறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெராசோரில் ஹெஸ்னா வேலியோரம் நின்றாள்,
கிடாவின் கொம்பைப் பிடித்தபடி.
"அங்கே மேலே என்ன இருக்கிறதென்று
மாசாமாசம் போகிறாய்?"
"பாக்கி" என்றேன்.