காம்பில்லாத பூ

லிந்துலையில் தை மாசப் பனி
ஒன்பது மணி வரைக்கும் எழும்பாது.
பங்களாத் தோட்டத்தில் படம் வரைய வந்த மிஸ்
கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டிருந்தாள்.
கிளையை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.
நாள் சம்பளம் அதேதான்.

கெமீலியா என்றாள்.
இரண்டாள் உயரம். வருசம் முழுக்கப் பச்சை.
உதிர்வதும் உண்டு:
வயசான இலை மட்டும், ஒவ்வொன்றாக,
யாருக்கும் தெரியாமல்.
அதனால் இதை மொட்டையாய்க் கண்டவர் இல்லை.

இலையை அவள் பூதக்கண்ணாடியால் பார்த்தாள்.
நான் கட்டைவிரலால் பார்த்தேன்.
மேலே எண்ணெய் தடவிய பச்சை, கீழே வெளுத்த பச்சை,
தோல் மாதிரித் தடிப்பு,
ஓரமெல்லாம் சின்ன அரம்.
அந்த அரத்தை எனக்குத் தெரியும்.
பதினோரு வருசம் ஏழாம் நம்பர் மலையில்
என் விரலை அறுத்தது அது.
ஒன்றும் சொல்லவில்லை நான்.

பூவுக்குக் காம்பில்லை.
கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது
கதிரையை விட்டு எழும்பாத ஆள் மாதிரி.
செதில்மேல் செதில் மூடிய மொட்டு
கார்த்திகையிலிருந்தே காத்திருந்தது.
விரிந்தால் இதழ், இதழுக்குள் இதழ்.
ஊசியால் விலக்கி விலக்கி எண்ணினாள்,
எழுபத்திரண்டு.
மகரந்தம் எங்கே மிஸ்?
"கேசரமெல்லாம் இதழாகிவிட்டது" என்றாள்.
தேனீ ஒன்று வந்து
வாசல் தேடி மூன்று சுற்றுச் சுற்றிப் போனது.
காய்க்காது இது.
பதியம், பதியத்தில் பதியம் என்று
வெள்ளைக்காரத் தொரை நட்ட அதே செடிதான்
இன்னும் நிற்கிறது, பத்துப் பங்களாவில்.

மத்தியானம் ஒரு பூ விழுந்தது.
இதழ் இதழாக இல்லை,
முழுதாக, தொப்பி விழுகிற மாதிரி, தட்டென்று.
அவள் திடுக்கிட்டாள்.

மறுநாள் நானும் ஒரு கிளையோடு போனேன்.
கரண்ட் கம்பிக்குக் கீழே
கவ்வாத்துக் கத்தி போகாத மூலையில்
ஒரு தேயிலை மரமாகி நிற்கிறது.
அதில் ஒடித்தது.
மேசையில், மற்றதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதே அரம். அதே மினுக்கம்.
பூ மட்டும் ஐந்து ரூபாய்க் குத்தி அளவு.
வெள்ளை இதழ் ஆறு,
நடுவில் எண்ணி முடியாத மஞ்சள் கேசரம்,
காம்பு வளைந்து, தலை கீழே பார்த்து.
தேனீ, நேற்று வந்ததோ வேறோ,
உள்ளே விழுந்து புரண்டது.
கிளையின் அடியில் மூன்று புடைப்போடு ஒரு காய்.

மிஸ் பென்சிலை வைத்துவிட்டாள்.
"தேயிலை பூக்குமா?"
விட்டால், என்றேன்.

வாரத்துக்கு ஒருக்கால் கிள்ளுகிறோம்,
நாலு வருசத்துக்கு ஒருக்கால் முழங்கால் மட்டத்துக்கு வெட்டுகிறோம்.
மொட்டைக் கண்டால் கணக்குப்பிள்ளை கத்துவார்,
செடிக்கு என்னமோ சீக்கு என்று.
முப்பது அடி வளரத் தெரிந்த செடி.

சாயந்தரம் படம் முடிந்தது.
பெயருக்கு அடியில் மூன்று கோடு போட்டிருந்தாள்.
லத்தீன் எழுதினாள். சிங்களம் எழுதினாள்.
"தமிழில் என்ன சொல்வீர்கள்?"
லயத்தில் அதற்குத் தொரைப்பூ என்று பேர்.
வாய் வரைக்கும் வந்தது.
மேசையில் இரண்டு கிளையும்
எது எதன் இலை என்று தெரியாமல் கிடந்தன.
யோசித்துச் சொல்கிறேன் மிஸ், என்றேன்.
விடிந்தபோது அவள் வேன் போய்விட்டது.

அந்தக் கோடு கொழும்பில்
எந்தச் சுவரில் காலியாகத் தொங்குகிறதோ.
காயை மட்டும் அன்றைக்கே மடியில் போட்டுக்கொண்டேன்.
மூன்றாம் நாள் அடுப்பு மேட்டில்
அதுவாக வெடித்தது.
உள்ளே மூன்று விதை, கறுத்து உருண்டு.
ஒன்று உருண்டு போய் விறகுக்குள் விழுந்தது.
ராத்திரி ரெண்டு தடவை
டோர்ச் அடித்துத் தேடினேன்.