கரண்டிப் பிரிவு

சாங்கி விமானச் சாப்பாட்டுக் கூடத்தில்
மதுப் புட்டிகள் அடுக்கும் வண்டிகளிலிருந்து
என்னை மாற்றச் சொல்லி
நானேதான் கேட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
'முதுகுவலி' என்று போட்டேன்.
மேற்பார்வையாளர் ரொஹாயா
படித்துவிட்டு முதுகைப் பார்க்கவில்லை,
முகத்தைப் பார்த்தார்.
மறுநாளிலிருந்து கரண்டிப் பிரிவு.

ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி, ஒரு கரண்டி,
சுற்ற ஒரு காகிதத் துண்டு.
வை, சுற்று, மடி, போடு.
இரவுக்கு ஆயிரத்து இருநூறு.
எண்ணிக்கை கையில் இருக்கும்வரை
நாக்கின் வறட்சி தெரியாது.
தொண்ணூற்று நான்காம் நாள்.

அடையாள அட்டை இளஞ்சிவப்பு. நான் குடிமகள்.
ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பீர் டின்னோடு அதைச் சொல்லிச் சொல்லி
நானே சிரித்த காலம் உண்டு.
ஆண்களுக்கென்று தைத்த பட்டம்,
எனக்குக் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அப்போது படம் வரைந்தேன்,
பிள்ளைகளின் புத்தகங்களுக்கு.
குடை பிடித்த நீர்நாய்.
எம்ஆர்டியில் தலை இடித்துக்கொள்ளும் ஒட்டகச்சிவிங்கி.
எல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல்
மூன்றாவது கோப்பைக்கும் நான்காவதுக்கும் நடுவில்
வந்து உட்கார்ந்தவை.
நல்ல கோடு என்றார்கள்.
யாருடைய கோடு என்று யாரும் கேட்கவில்லை.
நிறுத்தியபின் நான் கேட்டேன்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
அதற்குள் மிருகங்கள் எல்லாம்
வாடகை பாக்கி வைத்துவிட்டுக்
காலிசெய்து போயிருந்தன.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் குவெக் சொன்னார்:
குடித்தால் பிரமாதமாய்ப் பாடுவேன் என்று நினைத்திருந்தேன்,
என் மனைவி ஒருநாள் பதிவு செய்து போட்டுக் காட்டினாள்.
எல்லாரும் சிரித்தோம்.
வீட்டுக்குப் போய் என் நீர்நாயை எடுத்துப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் சிக்கல்.

ஒரு செவ்வாய், விடிகாலை மூன்று.
அச்சுப் பிசகிய துண்டுகள் ஒரு கட்டு
குப்பைக்குக் காத்திருந்தன.
எதிரே ஒரு கரண்டி.
சரிபார்ப்புத் தாளோடு கட்டிய நீலப் பேனா.
சுவரைப் பிடித்து நடக்கும் நோயாளிபோல
கோடு கரண்டியைச் சுற்றி வந்தது.
கரண்டி மாதிரி இல்லை.
அகப்பை மாதிரியும் இல்லை.
யாரும் பார்க்காமலே வெட்கமாய் இருந்தது.
இன்னொன்று.
அதற்கடுத்ததில், கரண்டியின் குழியில்
குழல்விளக்கு தலைகீழாய்த் தொங்கியது.
வரைந்த பிறகுதான் பார்த்தேன்
அது அப்படித் தொங்குவதை.

ரொஹாயாவின் காலணிச் சத்தம்.
அவசரத்தில் வைத்தேன், சுற்றினேன், மடித்தேன், போட்டேன்.
பெட்டியை மூடிவிட்டார்கள்.
பெர்த் விமானம், காலை எட்டு நாற்பது.

பேருந்தில் வயிறு கலங்கியது.
புகார் வரும், வேலை போகும்.
அதைவிட,
விரித்துப் பார்த்து 'என்ன கிறுக்கல்' என்பார்கள்.
என் தலைக்குள் நாற்பது வருடமாய்க் குடியிருக்கும் குரல்
எனக்கு முன்னால் விமானம் ஏறி
32-சியில் உட்கார்ந்து
வார் மாட்டிக்கொண்டது.

தெம்பனிஸ் தாண்டும்போது தோன்றியது:
32-சி சோறு தின்பார். வாய் துடைப்பார்.
அல்லது சின்னப் புட்டி ஒன்று கேட்டு வாங்கி
ஈரக் கோப்பையை அதன்மேல் வைப்பார்.
நீலம் கரையும்.
கரண்டியைச் சுற்றி ஒரு வட்டம் விழும்.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும்.
எத்தனை மேசைகளில் பதித்திருக்கிறேன்.
எத்தனை தாள்களில்,
அது காய்ந்த பிறகே பேனாவைத் தொட்டிருக்கிறேன்.
இந்த முறை
கோடு முதலில் வந்தது.
வட்டம் அப்புறம்,
அதுவும் வேறு யாருடையதோ.

இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டுத்
திரும்ப நடந்தேன்.

புகார் வரவில்லை.
வெள்ளி இரவு ரொஹாயா
அச்சுப் பிசகிய கட்டு ஒன்றை
என் மேசையில் வைத்தார்.
முதுகுவலி எப்படி இருக்கிறது என்றார்.
இருக்கிறது என்றேன்.

முள்கரண்டி கடினம்.
நான்கு பல்.
எனக்கு மூன்றுதான் வந்தது.