பதினோரு நிமிடம்

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள்.
பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியர்,
காற்றுக்கு ஒதுங்கிய ஒருவர்.
போட்டிருந்தது நாற்பது நாற்காலி.
பனிச்சரிவு ஆய்வாளர் ஸ்டெய்ன்வோர்
முப்பத்தாறு படங்கள் காட்டினாள்.
காபி ஆறியது.
அறிக்கையில் எழுதினாள்:
"மக்களிடம் ஆர்வம் குறைவு."

ஐஸ்லாந்தின் மேற்குக் கோடி.
மலைக்கும் கடலுக்கும் நடுவே
ஒரே தெரு, ஒரே மீன் தொழிற்சாலை.
கூட்டம் மாலை ஐந்துக்கு.
இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதும் ஐந்துக்கு.
அழைப்பு ஐஸ்லாந்து மொழியில்.
அது ஒட்டியிருந்த நூலகச் சுவரோ
ஒன்பது படிக்கு மேலே.

இதை எந்த ஆய்வுக் கட்டுரையும்
அவளுக்குச் சொல்லவில்லை.
பெட்ரோல் பங்கில் சில்லறை எண்ணித் தந்த
போஜெனா சொன்னாள்,
முழங்காலை நீவிக்கொண்டே:
"நீங்கள் எங்களைக் கூப்பிடவே இல்லையே."

அடுத்த முறை படங்கள் இல்லை.
ரப்பர் பூட்ஸ் இரவல் வாங்கிப்
போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.
ஒன்பதுக்கு இடைவேளை, கால் மணி நேரம்.
கையுறை கழற்றவும் மாட்டவும் நான்கு நிமிடம் போக
மிச்சம் பதினொன்று.

மீன் தட்டில் கல்லுப்பைப் பரப்பினாள்.
மேலே சர்க்கரை.
அதன்மேல் மாவு, உள்ளங்கையால் அழுத்தி.
தட்டை மெல்லச் சாய்த்தாள்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.
பிறகு
மாவு முழுதும் ஒரே பாளமாய் நழுவி
சோம்ஜாயின் மடியில் விழுந்தது.

யாரோ சிரித்தார்கள்.
சோம்ஜாய் சிரிக்கவில்லை.
மடியில் கிடந்ததை விரலால் தேய்த்தபடி
தாய் மொழியில், அவள் தாய்லாந்து மொழியில், ஏதோ சொன்னாள்.
அது உடைந்த ஆங்கிலத்தில் ஏறி
போலிஷில் இறங்கி
ஐஸ்லாந்து மொழிக்கு வந்து சேர
மூன்று நிமிடம் செலவானது:

"மூன்றாம் குளிர் அறைச் சுவரிலும் இப்படித்தான்.
கதவைத் திறந்து திறந்து மூடும் நாட்களில்
உள்ளே சர்க்கரை மாதிரி ஒன்று பிடிக்கும்.
அதன்மேல் எது பிடித்தாலும் நிற்காது.
தட்டினால் கதவளவு பெயர்ந்து விழும்.
வாராவாரம் சுரண்டுவது நான்தானே."

ஸ்டெய்ன்வோர் பேனா தேடினாள்.
எட்டு வருஷமாய் மலையில் குழி தோண்டி
அவள் தேடிக்கொண்டிருக்கும் அடுக்கு அது.
(என் மொழியில் புல்நுனியில் இருப்பதும் பனி,
ஊரைப் புதைப்பதும் பனி.
அந்த அடுக்குக்கு நானும் சொல் தேடுகிறேன்.
இப்போதைக்கு, சோம்ஜாயின் சர்க்கரை.)

மலைப்பக்க அறையில் குழந்தை தூங்கலாமா?
வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளுக்குக்
கூலி உண்டா?
முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். கூடாது.
இரண்டாவதை எழுதிக்கொண்டாள்.

அப்போது மேசையை இரண்டு முறை தட்டினார்
வியெஸ்வாஃப்.
பிறந்ததிலிருந்தே காது கேளாதவர்.
இயந்திர இரைச்சலில் எல்லோருமே
கையால் பேசும் அந்தக் கூடத்தில்
அவரளவு சரளமாய்ப் பேசுபவர் இல்லை.
மலையைக் காட்டினார்.
கூரைமேல் இருந்த அபாயச் சங்கைக் காட்டினார்.
கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக் காட்டினார்.
பிறகு இரண்டு உள்ளங்கைகளையும்
அவள் முன்னால் விரித்துவைத்தார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
எத்தனை சுலபமாய்ச் சொல்லிவிட்டோம்.
பழி எப்போதும் காதுக்கு.
ஊதியவனிடம் யாரும் கேட்டதில்லை,
உனக்குச் சங்கை விட்டால்
வேறொன்றும் தெரியாதா என்று.

மணி அடித்தது.
கையுறைகள் மாட்டப்பட்டன.
போகிறபோக்கில் ஒருவன் மிச்சச் சர்க்கரையைத்
தன் காபியில் கொட்டிக்கொண்டான்.

விடுதி அறையில் பழைய அறிக்கையைத் திறந்து
"ஆர்வம் குறைவு" என்பதை அடித்தாள்.
"வந்தவர் மூவர்.
கூப்பிட்டதும் மூவரைத்தான்."
கீழே, வேறு மையில்:
"தலையணைக்கு அடியில் அதிரும் கருவி.
யார் செலவு?"

அந்தக் கேள்விக்குறியில் பேனா நின்றது.
வெளியே காற்று வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது.
இரவல் பூட்ஸின் மடிப்பில்
இன்னும் கொஞ்சம் மாவு.