மூன்று வோல்ட்

கதவு திறந்ததும் குளிர்தான் முதலில் உள்ளே வந்தது,
அப்புறம் அவள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை
அவள் மூக்கோரம் மை இழுத்திருந்தது.
ஆட்டுத்தோல் சுற்றிய பெட்டியை
இரண்டு பேருந்து மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

தோலை விலக்கினாள்.
அறைச்சூடு பட்ட தகரத்தில்
உப்புப் பூத்ததுபோல் வெள்ளை படர்ந்தது.
அவள் விரல் பொத்தானுக்குப் போனது.
என் உள்ளங்கை குறுக்கே போனது.

"உள்ளேயும் இதே வெள்ளைதான், அக்கா.
இப்போது மின்சாரம் கொடுத்தால்
ஒவ்வொரு தடத்துக்கும் நடுவே தண்ணீர் பாலம் கட்டும்.
இரண்டு மணி நேரம்."
"நாலு மணிக்கு வரி அலுவலகம் மூடிவிடும்."
"பெட்டிக்கு அது தெரியாது."

பெயர் அரியுன்சுல்.
கம்பளிக் காலணி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.
உப்புப் போட்ட பால்தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.
குடிக்கவில்லை. கோப்பையில் ஆடை கட்டியது.
வெள்ளை நீராகி
நீர் மேசைக்கு வழிந்து
மேசையிலிருந்து என் பழைய துண்டுக்குப் போனது.
அவள் பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் திருகைக் கழற்றினேன்.
(பத்து நிமிடம் அவள் கண்ணுக்குக் கொடுத்த தள்ளுபடி.)
முதலில் வெந்நீர்க் குழாயைத் தொட்டு
உடம்பின் மின்னை இறக்கிவைத்தேன்;
இந்த வறண்ட மாதத்தில்
அவள் கம்பளிக் கோட்டு அசைந்தாலே பொறி பறக்கிறது.
தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றாள், அரை அடி.

விசிறியில்
குளிர்காலக் கரி ஒரு அடுக்கு, கோடைக் கம்பளி ஒரு அடுக்கு,
மறுபடி கரி, மறுபடி கம்பளி.
பிரஷ் போட்டபோது முழுத் தட்டாகக் கழன்று வந்தது.
"எங்கள் காலணியும் இப்படித்தான்,
அடித்து அடித்து அடுக்குவோம்" என்றாள்.
அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெட்டி உயிர் பிடித்தது. திரை வந்தது.
மூலையில் தேதி:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

"தினமும் இதுதான். காலையில் வந்ததும்
நானே கையால் தேதி போடுவேன், ஏழு மாதமாக.
இதற்கு முன் பார்த்தவன்
மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்கு என்றான்."
வாங்கப் பணமில்லை. தேதி போட விரல் இருந்தது.
ஒரே ஒரு நாள் காய்ச்சலோடு வந்து
போட மறந்தாள்.
அன்றைக்கு அடித்த ரசீது பதினேழு.
பதினேழிலும் இரண்டாயிரத்து ஒன்பது.
கம்பெனி தொடங்கியதோ பதினாலில்.
வரி அலுவலகம் கடிதம் போட்டிருக்கிறது:
பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால்
எப்படிக் காலணி விற்றீர்கள்?

நகத்தால் நெம்பினேன்.
பொத்தான் அளவு பேட்டரி துள்ளி உள்ளங்கையில் விழுந்தது.
அளந்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றுகூட இல்லை.
புதுசு மூவாயிரம் துக்ரிக்;
பக்கத்துக் கடையில் இரண்டு பூரிக்குக்கூடக் காணாது.
போட்டேன். அணைத்தேன். வயரைப் பிடுங்கி
நூறு எண்ணினேன். போட்டேன்.
தேதி நின்றது, இன்றைக்கு.

அவள் பெருமூச்சு விடவில்லை.
"பதினேழு?" என்றாள்.
"அது என் கைக்கு வராது, அக்கா."
"ஒரு கடிதம் எழுது. பெட்டியின் தப்பு என்று."

எட்டு வருடமாக இந்தக் கீழ்த்தளத்தில்
எத்தனையோ பெட்டிகளைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்,
எழுத்தில் ஒருபோதும் இல்லை.
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன்:
'இந்தக் கணினி நேரத்தைத் தெரிந்துவைத்திருந்தது
ஒரு சிறு பேட்டரியால்.
அது தீர்ந்த பின் நேரத்தைத் தெரிந்துவைத்திருந்தது
இந்தப் பெண்மணி.
ஒரு நாள் தவறினார்.'
கையெழுத்து: கங்க்ஹுயாக், பழுதுபார்ப்பவன்.
முத்திரை கேட்டாள். முத்திரை ஏது?
விரலில் வெப்பப் பசை ஒட்டியிருந்தது.
சாம்பல் நிறத்தில் அழுத்திக் கொடுத்தேன்.

செத்த பேட்டரியையும் கேட்டு வாங்கி
கடிதத்தில் மடித்துக்கொண்டாள், சாட்சிக்கு.
மூன்று நாற்பது.
பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு
படிக்கட்டில் ஓடினாள்.
கதவு சாத்தவில்லை.