சாய்ந்து கிடந்த எழுநூறு

புர்க்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பின்னால்
கெர்பரின் கடை.
கண்ணாடிக்குள் மூன்று நிற்கின்றன:
நூற்றிருபத்தைந்து, நானூறு, எழுநூறு.

என் கையில் மகள் அச்சடித்துத் தந்த தாள்.
எடை, விலை, இருக்கையின் உயரம்,
நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லீட்டர்.
நானூறுக்கு நேரே பச்சை மையால்
சரி போட்டிருக்கிறாள் அபிசனா.
கணக்கில் அவள் பிழை விடுவதில்லை.

ஆறேகாலுக்கு நான் சுமிஸ்வால்டில் நிற்கவேணும்,
முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில்,
கையுறை போட்டபடி.
முதல் பஸ் ஆறேமுக்காலுக்குத்தான் அங்கே போய்ச் சேரும்.
கார் நாலு மணிக்கே பேக்கரிக்குப் போய்விடும்,
அவரோடு.

"உமக்கு நூற்றிருபத்தைந்து காணும்"
என்கிறார் குகதாசன்.
பத்தொன்பது வருசமாய்
எனக்கு எது காணும் என்று சொல்லி வருகிறவர்.
கோபத்தில் இல்லை, அன்பில்தான்.
இன்னும் கொஞ்சம் சோறு போடவோ என்று கேட்காமலே
சட்டியை மூடுகிற அன்பு.

போன மாதம் லூயெக் ஏற்றத்தில்
நூற்றிருபத்தைந்தை ஓட்டிப் பார்த்தேன்.
பாதி வழியில் இருமத் தொடங்கியது.
பின்னால் பால் லொறி,
விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி.

நானூறு நல்ல பிள்ளை.
சொன்னதைக் கேட்கும்.
கேட்காததைச் சொல்லாது.

கெர்பர் மேலதிகங்களை வாசிக்கிறார்:
சூடாகும் கைப்பிடி இருநூற்றித் தொண்ணூறு பிராங்க்,
தாழ்ந்த இருக்கை நூற்றெண்பது,
பக்கப் பெட்டி, காற்றுத் தடுப்பு,
கிளட்ச் தொடாமல் கியர் மாற்றுகிற ஏதோ ஒன்று.
அதை அவர் விளக்கிய நேரமெல்லாம்
நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர் நான்.
எழுநூறில் ஏறினால்
பெருவிரல் மட்டும்தான் தரையோடு கதைக்கும்.

"இதை இப்போது மூச்சை அடக்கித்தான் தருவேன்.
சட்டம்.
இரண்டு வருசம் கழித்து வாருங்கள்,
உள்ளே ஒரு சின்னத் துண்டு,
கழற்றிவிட்டால் முழுசாய் மூச்சு விடும்."

முற்றத்தில் ஒரு வட்டம் போனேன்.
திரும்பி நிற்பாட்டுகையில்
இடக்கால் சரளைக் கல்லில் வழுக்க
நூற்றெண்பத்தொன்பது கிலோ
மெதுவாய், மிக மரியாதையாய்ச்
சாய்ந்தது.

கெர்பர் ஓடி வந்தார்.
"தொடாதீர்கள், முதுகு போய்விடும்,
இரண்டு பேர் வேணும்!"

நான் அதற்குள் குந்திவிட்டேன்.
இருக்கைக்கு முதுகைக் கொடுத்து
ஒரு கை ஹாண்டிலில், மறு கை பின்கம்பியில்.
இழுக்கக்கூடாது,
பாரத்துக்குக் கீழே போகவேணும்.
முதுகு நேர்.
முழங்கால் வேலை செய்யட்டும்.
குளியலறையில் விழுகிற திருமதி ஏபர்ஸோல்டுக்கும்
அதே கணக்குத்தான்.
அவர் திட்டுவார்.
இது திட்டவில்லை.

சின்னச் சின்ன அடியாய்ப் பின்னுக்குப் போக
நிமிர்ந்தது.
பெட்ரோல் மணம். வளைந்த கிளட்ச் பிடி.
டாங்கியில் விரல் நீளக் கீறல்.

"இது எவ்வளவு?"
"எட்டாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு."
"கீறல் விழுந்ததுக்கும் அதே விலையா?"
"கீறினது நீங்கள்தானே!"
"யார் கீறினால் என்ன,
இதை இனிப் புதிது என்று யாருக்கு விற்பீர்கள்?"

அவர் சிரிக்கத் தொடங்கினார்.
சிரிப்பு முடிவதற்குள்
அறுநூறு பிராங்க் இறங்கியிருந்தது.
கைப்பிடிச் சூட்டையும் தாழ்ந்த இருக்கையையும்
அதற்குள்ளேயே அடக்கச் சொன்னேன்.
அதற்கு அவர் சிரிக்கவில்லை,
ஆனால் எழுதினார்.

தாளின் பின்பக்கத்தில் நானும் கூட்டிப் பார்த்தேன்.
மறுபக்கத்துப் பச்சைச் சரி
என் இலக்கங்களுக்கு இடையில்
மங்கலாய்த் தெரிந்தது.

குகதாசனிடமிருந்து செய்தி:
எது எடுத்தீர்?

கீறல் விழுந்தது ஒன்று,
மலிவாய்க் கிடைத்தது
என்று எழுதி அனுப்பினேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.