சூடானால் எழாது

பழையபேட்டை அன்சர் பாஷா
எடைபோட்டுத்தான் கொடுத்தார்.
ஏழு கிலோ நானூறு.
"ரம்பமா பாக்காதம்மா, இரும்பா பாரு,
அப்பதான் கட்டுப்படி ஆகும்."
ஒரு காலத்தில் சிவப்பாய் இருந்திருக்க வேண்டும்.
டாங்கின் மேல் வெள்ளைப் பெயிண்டில்
ஒரு எண், ஒரு சாய்கோடு, இன்னொரு எண்.
கயிற்றை இழுத்தேன்.
செத்த மாட்டின் வாலை இழுத்த மாதிரி இருந்தது.

காவேரிப்பட்டணத்தில் என் கடை
மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை.
கருகிய வார்னிஷ் வாசனையில் பதினாறு வருஷம்.
தண்ணீர் கீழே போகப்போக
எனக்கு வேலை ஏறியது.
ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வந்ததெல்லாம்
என் மேசையில் வயிற்றைத் திறந்து படுத்திருக்கும்.
மழை பெய்த வாரங்களில் மட்டும்
எனக்குக் கை சும்மா இருக்கும்.

பிளக் ஓட்டை வழியாக
மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாதிக்குப் பாதி.
ஒன்பது நாள் ஊறியது.
பல் துலக்கும் முன்னே போய்
ஃபிளைவீலை ஒரு தடவை திருகிப் பார்ப்பேன்.
பத்தாம் நாள் ஒரு நூல் அசைந்தது.
ஒரு நூல்தான்.
சொல்ல ஆளில்லாமல்
எதிர்க்கடை பரோட்டா மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.
"நல்லதுக்கா" என்றான், மாவை அடித்துக்கொண்டே.

பாயிண்ட் தேய்க்க நெருப்புப்பெட்டியின் பக்கவாட்டு.
இடைவெளி பார்க்க ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரம்,
மாப்பிள்ளை பெயருக்குத் தங்கப்பூச்சு போட்டதில்
அந்தப் பக்கம் கொஞ்சம் தடிமன்.
டயாஃபிரம் ஓசூரில் இல்லை,
பெங்களூரிலும் கேட்டாயிற்று.
ஆஸ்பத்திரியில் ஜெயசீலி கொடுத்த நீலக் கையுறையில்
உள்ளங்கையை மட்டும் வெட்டிப் பொருத்தினேன்.
விரல்கள் ஐந்தும் மேசையில் கிடந்தன.

கிளட்ச் மூடியைக் கடைசிக்கு விட்டிருந்தேன்.
நட்டு விடவில்லை. லேத்திலிருந்து திம்மராயன் வந்து
நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றான்.
உள்ளே எண்ணெயோடு இறுகிப்போன மரத்தூள்.
அடை மாதிரி, ஒரு கைப்பிடி.
சுரண்டினோம்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

அவன் விரலை மூக்கருகே கொண்டுபோனான்.
விளக்கைப் பார்த்தான். பிறகு தெருவை.
"வேம்பா இருக்கும்" என்றேன்.
"வேம்புதான்" என்றான்.
டீ வந்தது. டீ குடித்து முடித்த பிறகு சொன்னான்:
"அத வெட்ட வர்றவன் கைரம்பம்தான் கொண்டாருவான்.
அதுக்கும் பல்லுல எண்ணெ தடவிக்கிட்டு, சத்தம் வராம.
அஞ்செட்டிக் காட்டுக்குள்ள
இத்தாப்பெரிய சத்தத்த எவன் தைரியமா போடுவான்?"

தின்னர் நனைத்த துணி என் கையில் இருந்தது.
டாங்கைத் துடைத்தேன், அந்த எண்ணைச் சுற்றி மட்டும் விட்டு.
எண்ணுக்கு ஒரு பேரேடு இருக்கும்.
பேரேட்டில் ஒரு கையெழுத்து இருக்கும்.

ஞாயிறு காலை, பதினோராவது இழுப்பில் ஒரு இருமல்.
பன்னிரண்டில் நீலப் புகை.
அப்புறம் தெரு முழுக்க அதுதான்.
நாய்கள் எழுந்து ஓடின.
திம்மராயன் ஷட்டரை அரைவாசி இறக்கினான்.

இப்போது சந்தூரில், வேடியப்பன் தோப்பில்,
பட்டுப்போன ஒரு பெங்களூரா மரம் கீழே கிடக்கிறது.
மூன்றாவது துண்டு பாதியில் மிஷின் நின்றுவிட்டது.
சூடாகிவிட்டால் எழாது. பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிறது.
அதற்கு மருந்து இல்லை, காத்திருப்பதுதான்.
"சீனாது ஆறாயிரத்துக்கு வருதேம்மா" என்கிறார்.
வரும். நானே நாலு ரிப்பேர் பார்த்திருக்கிறேன்.

மாந்தூள் லேசாய்ப் புளித்து வாசனை வருகிறது,
என் முழங்கை வரை, தலைமுடி வரை.
மற்றது ஒரு வார்னிஷ் டப்பாவில்,
செப்புக் கம்பிச் சுருள்களுக்குப் பின்னால்.
கொட்டவுமில்லை. திறந்து பார்க்கவுமில்லை.
அடிமரத்தில் உட்கார்ந்து
சிலிண்டரில் கை வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் சுடுகிறது.