ஆளுக்கு மூன்று வரி

குளிர்கால இதழுக்கு
நூலகச் செய்தி கேட்டிருக்கிறார்கள்.
ஆளுக்கு மூன்று வரி. மிஞ்சினால் வெட்டு.
எழுதுவதும் நான், வெட்டுவதும் நான்.

வாசக அறைக்குப் புது ஸ்கேனர் வந்துவிட்டது.
பழைய ஏலப் பட்டியல்களின் முதுகு ஒடியாமல்
பாதி திறந்தபடியே படமெடுக்கும்.
பக்கத்தில் மின் இணைப்பு இல்லை என்பதையும்
மேசைக்கடியில் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்
எல்லோர் காலையும் ஒருமுறை தடுக்கிவிட்டது என்பதையும்
முதல் வெட்டிலேயே எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் இனி ஐந்து மணிக்கே மூடுகிறோம்.
‘வாசகர் வசதிக்காக’ என்று சேர்க்கச் சொன்னார்கள்.
எந்த வாசகர்?
வியாழன்தோறும் ஐந்தே முக்காலுக்கு
பஸ் ஓட்டுநர் சீருடையோடு வந்து
நீராவிக் கப்பல் படங்களை மட்டும் பார்த்துவிட்டு
யாருக்கும் நன்றி சொல்லாமல் போகிறாரே,
அவருக்கா?

இர்மா வார்கா.
‘இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நம்மைப் பிரிந்து’
என்று தொடங்கி அழித்தேன்;
இரங்கல் செய்தி மாதிரி இருந்தது.
அவர் நன்றாகத்தான் இருக்கிறார், அக்ரனில்,
ஒரு டயர் கம்பெனியின் ஆவண அறையில்,
இங்கே வாங்கியதைப் போல ஒன்றரை மடங்குச் சம்பளத்தில்.
கடைசி வரியை வெட்டினேன்,
யாரும் சொல்லாமலே.

போகிற நாளன்று, கோட்டை மாட்டிக்கொண்ட பிறகு,
‘ஓவியர் தெரியவில்லை’ இழுப்பறையைத் திறந்தார்.
(சாவி கிடையாது. முழங்காலால் ஓர் இடி.)
ஆயிரத்துச் சொச்சம் உறைகளில் ஒன்றை உருவினார்.
உறைக்குள் உறைந்து கிடந்தது ஈரி ஏரி:
பனிக்கட்டி அறுக்கும் நாலு பேர்,
முதுகில் சாக்குப் போர்த்திய குதிரை.
அந்த ஓவியம் மூன்றாம் மாடியில்
காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
தினமும் பார்க்கிறோம், கோப்பை நிரம்பும்வரை.

சட்டத்தின் பின்னால் ஒட்டிய கடைச்சீட்டு,
1931ஆம் வருடத்து ஏலப் பட்டியல் ஓரத்தில் பென்சில் குறிப்பு.
இரண்டையும் கோத்து,
பீங்கான் தட்டுகளில் பூ வரைந்து பிழைத்த
ஆல்டா ப்ரூயிட் என்றொருத்தியின் பெயரை எழுதி,
உறையைப் பெயருள்ளவர்கள் பக்கம் மாற்றினார்.
கைப்பையைத் தூக்கினார். பஸ் வந்தது.
இதற்கு எத்தனை வரி கேட்பது?

அவர் இடத்துக்கு அரை ஆள் எடுத்திருக்கிறோம்.
அரை என்பது வேலை நேரம்;
கேலப் ஓடம் ஆறடி இரண்டங்குலம்,
கிடங்கு வாசலில் குனிந்துதான் நுழைகிறான்.
இரண்டாவது வாரமே அந்த உறை அவன் கையில்.
‘இந்தச் சட்டம் வேறு படத்துக்குச் செய்தது.
ஆணித் துளை இரண்டு ஜோடி இருக்கிறது, பாருங்கள்.’
பார்த்தேன்.
இருந்தது.
ப்ரூயிட்டை மறுபடி பெயரில்லாதவர்களிடமே
கொண்டுபோய் விட்டான்,
துணைக்கு ஒரு கேள்விக்குறி வைத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அக்ரனுக்கே போன் போட்டேன்.
பின்னால் ஏதோ இரைச்சல். இர்மா சிரித்தார்.
‘சரியாகத்தான் செய்திருக்கிறான்.
அன்றைக்கு எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.’
கொஞ்சம் பொறுத்து,
‘முழங்கால் இடியை யார் சொன்னது அவனுக்கு?’
யாரும் சொல்லவில்லை.

இதழுக்குப் போனது இவ்வளவுதான்:
இர்மா வார்கா விடைபெற்றார்.
கேலப் ஓடம் பொறுப்பேற்றார்.
அவர்கள் கணக்கில் மிஞ்சிய வரிகளில் ஒன்றை எடுத்து
யாரையும் கேட்காமல் அடியில் சேர்த்தேன்:
கப்பல் பார்க்க வருபவர், வியாழன் மாலை,
பக்கவாட்டுக் கதவைத் தட்டவும்.